ரங்கூன் மண்ணில் உறங்கும் டில்லிச் சக்கரவர்த்தி



ரங்கூன் என்னும் பெயர் நம் முன்னோர்களுக்கு அந்நியமானதன்று. சபராளிகளாகக் கப்பலேறிச் சென்று, அங்கே கடை வைத்தும் கணக்கு எழுதியும் பொருளீட்டி, ஊரில் வீடு கட்டியோர் பலர். அந்நகரில் அவர்கள் எழுப்பிய சூலியாப் பள்ளிவாசல்கள் இன்றும் தொழுகையாளிகளால் நிறைகின்றன. 1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் குண்டு வீசியபோது காடும் மலையும் கடந்து நடந்தே திரும்பியோரின் கதைகளைப் பாட்டனார் சொல்லக் கேட்ட குடும்பங்கள் தமிழகக் கடற்கரை ஊர்களில் ஏராளம்.

அந்த ரங்கூனில், இப்போது யாங்கோன் என்று அழைக்கப்படும் அதே நகரில், இந்தியாவின் கடைசி முகலாயச் சக்கரவர்த்தி அபூ ஜஃபர் சிராஜுத்தீன் முஹம்மது பகதூர்ஷா அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நம் தேசத்தின் பிரதமர்களும் குடியரசுத் தலைவரும் அந்நாட்டுக்குச் சென்றபோது தேடிச் சென்று மரியாதை செலுத்திய இடம் அது. ஆயினும் அவரைப் பற்றி நம் மக்கள் அறிந்திருப்பது மிகக் குறைவு. அறிந்ததாக எண்ணிக்கொண்டிருப்பதிலோ பாதி கட்டுக்கதை. அவரைப் பெரும் வீரராகப் பேசுவோரும் உண்டு. கையாலாகாத கிழவர் என்று ஒரே வரியில் ஒதுக்குவோரும் உண்டு. அந்தக் கப்ரின் முன்னே நிற்பவர் யாருக்காகக் கையேந்துகிறோம் என்பதையாவது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

மன்னர் பிறந்தது 1775ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், டில்லியில். தந்தை இரண்டாம் அக்பர் ஷா. தாயார் லால் பாய், ராஜபுத்திரக் குலத்துப் பெண்மணி. பாட்டனார் இரண்டாம் ஷா ஆலம் 1765ஆம் ஆண்டில் வங்காளத்தின் வரி வசூல் உரிமையைக் கும்பினியாருக்கு எழுதிக் கொடுத்தவர். 1788ஆம் ஆண்டில் ரோகில்லாத் தலைவன் குலாம் காதிர் அந்தப் பாட்டனாரின் கண்களைப் பறித்தபோது நம் மன்னருக்கு வயது 12. பாபரின் பரம்பரை எந்த அளவுக்குத் தாழ்ந்துவிட்டது என்பதை அரண்மனைக்குள்ளேயே கண்டு வளர்ந்த பிள்ளை அவர். 1803ஆம் ஆண்டில் கும்பினிப் படை டில்லியைக் கைப்பற்றியது. அதன்பின் சக்கரவர்த்தி என்பது பட்டமும் ஓய்வூதியமும் மட்டுமே.

தந்தைக்கு இவர்மீது விருப்பமில்லை. தம்பி மிர்சா ஜஹாங்கீருக்கே முடிசூட்ட விரும்பினார். அத்தம்பியோ ஆங்கிலேய ரெசிடெண்டை நோக்கிச் சுட்டு, அலகாபாத்துக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். ஆகவே 1837ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், 62 வயதை நெருங்கும் வேளையில், இவர் அரியணை ஏறினார். ஏறிய அரியணைக்குக் கீழே நாடு இல்லை. மாதம் ஒரு லட்சம் ரூபாய் ஊதியம், செங்கோட்டைச் சுவர்களுக்குள் அதிகாரம், அவ்வளவே. கும்பினியாரின் நாணயங்களில் முகலாயச் சக்கரவர்த்தியின் பெயர் பொறிக்கப்படுவது அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, 1835இல், நின்று போயிருந்தது. ஆங்கிலேய அதிகாரிகள் மன்னருக்குச் செலுத்தி வந்த நஜர் காணிக்கையும் பின்னர் நிறுத்தப்பட்டது. 1856ஆம் ஆண்டில் இளவரசர் மிர்சா ஃபக்ரு காலரா கண்டு இறந்த பிறகு, இவருக்குப் பின் வருபவர் சக்கரவர்த்தி என்று அழைக்கப்படமாட்டார், செங்கோட்டையிலும் குடியிருக்க இயலாது என்று ஆங்கிலேயர் முடிவு செய்துவிட்டனர். தம் வம்சத்தின் முடிவை உயிரோடிருக்கும்போதே அறிவித்துவிட்ட ஒரு வீட்டில் மன்னர் வாழ்ந்தார்.

நாடு இல்லாத மன்னர் நாவையும் எழுதுகோலையும் ஆண்டார் என்றே சொல்ல வேண்டும். ஜஃபர் என்பது அவர் கவிதைக்கு வைத்துக்கொண்ட பெயர். வெற்றி என்று அதற்குப் பொருள். உருது மொழியில் நான்கு திவான்கள் அவருடையவை. ஷைகு சஅதியின் குலிஸ்தானுக்கு விளக்கவுரை எழுதினார். அழகெழுத்துக் கலையில் தேர்ந்தவர். கவிஞர் ஜவ்க் அவருடைய உஸ்தாதாக விளங்கினார். 1854இல் ஜவ்க் மறைந்தபின் அவ்விடத்தில் மிர்சா காலிப் அமர்ந்தார். உருதுக் கவிதையின் பொற்காலம் என்று கற்றோர் போற்றும் காலம், அரசியல் அதிகாரம் முற்றிலும் அழிந்துபோன அந்த அரண்மனையைச் சுற்றியே மலர்ந்தது.

மார்க்கத் துறையில் அவர் சிஷ்தியாத் தரீக்காவைச் சார்ந்தவர். பலர் அவரிடமே பைஅத் பெற்று முரீதுகளாயினர். கும்பினிச் சிப்பாய்களிலும் சிலர் முரீதாக முன்வந்தபோது ஆங்கிலேயர் அஞ்சித் தடுத்தனர். டில்லிக்குத் தெற்கே மெஹ்ரௌலியில் ஹஜ்ரத் குத்புத்தீன் பக்தியார் காக்கி (ரஹ்) அவர்களின் தர்காவை ஒட்டி மன்னருக்கு ஒரு கோடை மாளிகை இருந்தது. அங்கே இந்துக்களும் முஸ்லிம்களும் கூடி மலர் விசிறிகளை ஏந்திச் செல்லும் விழாவில் ஆண்டுதோறும் கலந்துகொள்வார். அந்தத் தர்காவின் அருகே, தம் பாட்டனாருக்கும் தந்தைக்கும் இடையில், தமக்கென ஒரு கப்ருக்கான இடத்தையும் ஒதுக்கி வைத்திருந்தார். இந்தச் செய்தியைச் சற்று நினைவில் இருத்திக்கொள்ளுங்கள்.

இனி 1857. மே 10ஆம் நாள் மீரட்டில் கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள் இரவோடிரவாகப் புறப்பட்டு மறுநாள் காலை டில்லி வந்து சேர்ந்தனர். அது ஹிஜ்ரி 1273, ரமளான் பிறை 16, திங்கட்கிழமை. யமுனைக் கரையோரம் மன்னர் மாளிகையின் சாளரத்தின் கீழே நின்று தங்களுக்குத் தலைமை ஏற்குமாறு அழைத்தனர். அப்போது மன்னரின் வயது 81. படையும் கருவூலமும் இல்லாத, நோன்பு மாதத்தில் தஸ்பீஹும் கையுமாக இருந்த முதியவர். அவர் தயங்கினார். பின்னர் அவர்களின் தலைமீது கை வைத்து ஆசி வழங்கினார். அந்த ஒரு செயலால் சிப்பாய்க் கலகம் ஒன்று இந்தியப் போராக மாறியது. கான்பூரிலும் லக்னோவிலும் எழுந்தவர்கள் அவர் பெயரைச் சொல்லியே எழுந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள் என்பதை வரலாறு படிப்போர் மறந்துவிடக் கூடாது.

அந்த நான்கு மாதங்களில் மன்னர் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் நாம் நேர்மையாகவே பார்க்க வேண்டும். கோட்டைக்குள் அடைக்கலமாகவும் கைதிகளாகவும் இருந்த ஏறத்தாழ ஐம்பது ஐரோப்பியர்கள், பெண்களும் குழந்தைகளும் பெருமளவில் அடங்கியோர், மே 16ஆம் நாள் கொல்லப்பட்டனர். மன்னர் எதிர்த்துப் பேசினார், மன்றாடினார், தடுக்க இயலவில்லை. போரில் பெண்களையும் சிறார்களையும் கொல்வதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது என்பதை ஆலிம்களாகிய நாம் சொல்லாமல் கடந்து செல்ல முடியாது. சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்க அவரிடம் பணமில்லை. நகரத்து வணிகர்களை அவர்கள் கொள்ளையிட்டபோது கட்டுப்படுத்தப் படையில்லை. ஜூலைத் தொடக்கத்தில் பரேலியிலிருந்து பக்த் கான் வந்து தலைமை ஏற்றதும் சிறிது ஒழுங்கு பிறந்தது. ஆனால் இளவரசர்களுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் மன்னர் கடைசிவரை தளரவில்லை. இந்துக்களையும் முஸ்லிம்களையும் பிரிக்கும் எதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. மே மாதத்திலேயே டில்லி ஜும்ஆ மஸ்ஜிதில் ஒரு சாரார் இந்துக்களுக்கு எதிராக ஜிஹாத் கொடி ஏற்ற முனைந்தபோது, படையில் பெரும்பகுதியினர் இந்துக்கள் என்று எடுத்துரைத்து மறுத்துவிட்டார். அவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாள் ஆகஸ்ட் முதல் நாள் வந்தது. அதற்கு முன்பே பசுவைக் குர்பானி கொடுக்கலாகாது என்று நகரெங்கும் பறைசாற்றச் செய்தார். மலை முகட்டில் முகாமிட்டிருந்த ஆங்கிலேயர், அன்றைய தினம் டில்லிக்குள் இந்து முஸ்லிம் கலவரம் வெடிக்கும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தனர். பெருநாள் அமைதியாக முடிந்தது. அவர்கள் ஏமாந்தனர். வாளெடுக்க இயலாத மன்னர் அந்த ஒரு நாளில் வென்றார் என்பது நம் கருத்து.

செப்டம்பர் 14ஆம் நாள் ஆங்கிலேயர் கஷ்மீரி வாசலைத் தகர்த்து உள்ளே புகுந்தனர். தெருத்தெருவாகச் சண்டை நடந்தது. செப்டம்பர் 16 அன்று பெருந்திரளான மக்கள் கோட்டை முன் கூடி மன்னரே முன்னின்று நடத்திச் செல்ல வேண்டும் என்று வேண்டினர். மன்னர் வெளியே வந்தார். சிறிது தூரம் சென்றார். பின்னர், சூழ்ந்திருந்தோர் அச்சுறுத்தியதால், திரும்பிவிட்டார். கூட்டம் கலைந்தது. அவர் திரும்பாமல் சென்றிருந்தால் அங்கேயே ஷஹீதாகியிருப்பார், நகரம் எப்படியும் வீழ்ந்திருக்கும் என்று கூறுவோர் உண்டு. இருக்கலாம். எனினும் அந்தத் திரும்புதலை மறைத்துவிட்டு அவர் சரிதையை எழுதுவது நியாயமாகாது.

கோட்டையை விட்டு வெளியேறியவர் முதலில் சென்றது ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவுலியா (ரஹ்) அவர்களின் தர்காவுக்கு. தம் முன்னோர் பேணி வந்த, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுடிகள் அடங்கிய பேழையை அங்கே ஒப்படைத்தார். மணிமுடியைப் பற்றிக் கவலைப்படாதவர் அந்த அமானிதத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். பின்னர் ஹுமாயூன் சக்கரவர்த்தியின் கல்லறை மாளிகையில் தங்கினார். தம்முடன் லக்னோ பக்கம் வந்துவிடுமாறு பக்த் கான் எவ்வளவோ வற்புறுத்தியும் மறுத்துவிட்டார். உறவினரே காட்டிக் கொடுக்க, கேப்டன் ஹட்சன் வந்து, உயிருக்கு ஊறு நேராது என்று வாக்களித்துச் சிறைப்படுத்தினான். செப்டம்பர் 22ஆம் நாள் மிர்சா முகல், மிர்சா கிஜர் சுல்தான் என்னும் இரு புதல்வர்களையும், பேரர் மிர்சா அபூபக்கரையும் அதே ஹட்சன் டில்லி வாசல் அருகே ஆடை களையச் செய்து தன் கையாலேயே சுட்டுக் கொன்றான். உடல்கள் கோத்வாலியின் முன்னே கிடத்தப்பட்டன.

மேடைகளில் ஒரு கதை சொல்லப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். புதல்வர்களின் தலைகளைக் கொய்து தட்டில் வைத்து மூடி மன்னர் முன்னே காலைச் சிற்றுண்டியாகக் கொண்டு வந்தார்கள் என்பது அக்கதை. அக்காலத்து ஆவணங்களில் இதற்கு உறுதியான சான்று கிடையாது. நடந்ததே போதுமான கொடுமை. அதன்மேல் நாம் எதையும் சேர்க்கத் தேவையில்லை. அவ்வாறே, ரங்கூன் சிறையில் கரித்துண்டால் சுவரில் கவிதை எழுதினார் என்பதும், அவர் பெயரால் வழங்கும் புகழ்பெற்ற இரங்கற்பாடல்கள் சிலவும் ஆய்வாளர்களால் ஐயத்துடனேயே பார்க்கப்படுகின்றன.

டில்லி உலமாக்கள் பட்ட துயரமும் இதனோடு சேர்ந்ததே. உருதுப் பத்திரிகை நடத்திய மௌலவி முஹம்மது பாகிர் கொல்லப்பட்டார். மௌலானா ஃபஜ்லே ஹக் கைராபாதி அந்தமானுக்கு நாடு கடத்தப்பட்டு 1861இல் அங்கேயே வஃபாத்தானார். டில்லி ஜும்ஆ மஸ்ஜிதை ஆங்கிலேயர் கைப்பற்றிச் சிப்பாய்களின் முகாமாக்கினர். முஸ்லிம்களிடம் ஒரு நிர்வாகக் குழுவின் பொறுப்பில் அது மீண்டும் ஒப்படைக்கப்பட்டது 1862ஆம் ஆண்டில்தான். ஐந்தாண்டுகள் அந்தப் பள்ளியில் ஜமாஅத் இல்லை. பள்ளி நிர்வாகம் என்பது எத்தனை பெரிய அமானிதம் என்பதை நம் கமிட்டியார்க்குச் சொல்லத் தேவையில்லை.

1858 ஜனவரி 27ஆம் நாள் மன்னர் மீது விசாரணை தொடங்கியது. நடந்த இடம் செங்கோட்டையின் திவானே காஸ், அவருடைய சொந்த தர்பார் மண்டபம். நீதி வழங்க அமர்ந்தோர் ஐந்து இராணுவ அதிகாரிகள். கும்பினியாருக்கு எதிராகத் துரோகம் செய்தார் என்பது தலையாய குற்றச்சாட்டு. நோயுற்றிருந்த முதியவர் பெரும்பாலும் கண்களை மூடியே கிடந்தார். தாம் சிப்பாய்களின் கைதியாகவே இருந்ததாகவும், தம் முத்திரையை அவர்களே பயன்படுத்தியதாகவும் எழுத்து மூலம் விடை கொடுத்தார். இதைக் கோழைத்தனம் என்பார் உளர். ஓரளவு அது உண்மையே என்று அந்த நான்கு மாதங்களைப் படிப்போர் உணர்வர். மார்ச் 9ஆம் நாள் குற்றவாளி எனத் தீர்ப்பானது. இதில் வேடிக்கை ஒன்றுண்டு. கும்பினியார் வங்காளத்தில் வரி வசூலித்ததே முகலாயச் சக்கரவர்த்தி அளித்த அனுமதியால்தான். அப்படியானால் சட்டப்படி அவர்களே குடிகள், அவர்களே கலகக்காரர்கள் என்று 1922ஆம் ஆண்டில் பக்லர் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர் ஒருவரே எழுதினார்.

1858 அக்டோபர் 7ஆம் நாள், விடிவதற்கு முன்பே, மாட்டு வண்டிகளில் ஏற்றி அவரை டில்லியிலிருந்து அப்புறப்படுத்தினர். மக்கள் காணக் கூடாது என்பதற்காக அந்த நேரம். பேகம் ஜீனத் மஹல், புதல்வர்கள் ஜவான் பக்த், ஷா அப்பாஸ் உள்ளிட்ட சிறு கூட்டம் உடன் சென்றது. அலகாபாத் வந்ததும் அவர்களில் ஒரு பகுதியினர் திரும்பிவிட்டனர். கங்கை வழியே கல்கத்தா, அங்கிருந்து டிசம்பரில் போர்க்கப்பலில் ரங்கூன். ஹுமாயூனும் ஒரு காலத்தில் நாடிழந்து ஓடியவர்தாம். அவர் திரும்பி வந்தார். இவருக்குத் திரும்பி வரும் வழி வைக்கப்படவில்லை.

ரங்கூனில் ஷ்வேடகான் பொற்கோபுரத்துக்கு அண்மையில், இராணுவக் காவலிடத்தை ஒட்டி ஒரு மர வீடு. நான்கு சிறு அறைகள். மன்னருக்கு ஒன்று, மற்றோருக்கு ஏனையவை. அத்தனை பேரின் உணவுக்கும் நாளொன்றுக்கு 11 ரூபாய். காகிதம், மை, எழுதுகோல் மூன்றும் தடை. நான்கு திவான்கள் எழுதிய கைக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறு என்ன இருக்க முடியும்? ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1862 அக்டோபர் இறுதியில் தொண்டை செயலிழந்தது. கரண்டியால் புகட்டும் கஞ்சி நீரும் இறங்கவில்லை. காவல் அதிகாரி கேப்டன் டேவிஸ் செங்கற்களும் சுண்ணாம்பும் கொண்டு வரச் சொல்லி ஆயத்தமாகிவிட்டார். மன்னர் உயிரோடிருக்கும்போதே கப்ருக்கு ஆயத்தம் நடந்தது.

1862 நவம்பர் 7, ஹிஜ்ரி 1279 ஜமாதுல் அவ்வல் பிறை 14, வெள்ளிக்கிழமை. காலை ஐந்து மணிக்கு ரூஹ் பிரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது 87. அன்று மாலை நான்கு மணிக்கே, சிறை வளாகத்தின் பின்புறத்தில் அடக்கம் முடிந்துவிட்டது. ஜனாஸாவுடன் நடந்தோர் இரு புதல்வர்களும், முதிய ஆலிம் ஒருவரும். கடைத்தெருவில் எப்படியோ செய்தி அறிந்து ஓடி வந்த முஸ்லிம்களை ஆயுதக் காவலர்கள் தடுத்து நிறுத்தினர். ஓரிருவர் மட்டும் காவலை மீறிப் புகுந்து கஃபன் துணியைத் தொட்டனராம். ஜமாஅத் மக்கள் திரண்டு தோள் மாற்றிச் சுமக்க வேண்டிய ஜனாஸா அது. உலகின் மாபெரும் அரச வம்சங்களுள் ஒன்றின் கடைசி மன்னருக்கு அந்த ஜும்ஆ நாளில் கிடைத்தது அவ்வளவே. உடன் நின்ற அந்த ஆலிமை எண்ணும்போதெல்லாம் நம் உள்ளம் நெகிழ்கிறது. துப்பாக்கிகளுக்கு நடுவே நின்று கடமையை முடித்த அவருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.

அடக்கம் செய்ததோடு அவர்கள் நிற்கவில்லை. கப்ரின் மீது மேடு எழுப்பாமல் தரைமட்டமாக்கிப் புல் பதித்தனர். சுற்றிலும் மூங்கில் வேலி ஒன்று அமைத்தனர். மூங்கில் மட்கிப் போவதற்குள் புல் எங்கும் பரவிவிடும், சக்கரவர்த்தி எங்கே கிடக்கிறார் என்பதற்கு அடையாளமே இராது என்பது கணக்கு. அக்கணக்கைக் கேப்டன் டேவிஸ் தம் அறிக்கையிலேயே எழுதி மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார். அந்த அறிக்கை இன்றும் இருக்கிறது.

கணக்கு ஏறத்தாழப் பலித்துவிட்டது. ஜவான் பக்த் 1884இலும் பேகம் ஜீனத் மஹல் 1886இலும் மறைந்தனர். 1903ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து சென்ற சிலர் கப்ரைத் தேடியபோது சரியான இடத்தைக் காட்ட ஆளில்லை. ஒரு மரத்தைக் காட்டி அதன் அருகே என்றனர். அப்போதுதான் ரங்கூன் முஸ்லிம்கள் விழித்தெழுந்தனர். 1905ஆம் ஆண்டில் கூட்டம் கூடிக் கண்டனம் தெரிவித்து, கப்ருக்கு அடையாளம் வைக்குமாறு அரசாங்கத்திடம் முறையிட்டனர். அரசாங்கம் தயங்கித் தயங்கி, 1907ஆம் ஆண்டில் ஒரு கல்லை நட்டுக் கம்பி வேலியிட இசைந்தது. அக்கல்லில், டில்லியின் முன்னாள் மன்னர் இவ்விடத்துக்கு அருகில் அடக்கப்பட்டிருக்கிறார் என்றுதான் பொறித்தனர். அருகில் என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். எந்த இடம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. ரங்கூனில் பிழைக்கச் சென்ற எளிய முஸ்லிம்கள், வணிகர்களும் தொழிலாளிகளுமாகிய நம் போன்றோர், மனு எழுதிப் பெற்ற கல் அது. அந்தக் கல்லைச் சுற்றித் தகரக் கொட்டகையும் பின்னர் ஒரு சிறு கட்டடமும் எழுந்தன.

அல்லாஹ்வின் நாட்டத்தைப் பாருங்கள். 1991 பிப்ரவரி 16ஆம் நாள், அவ்வளாகத்தில் பணியாளர்கள் வடிகால் தோண்டியபோது, மூன்றடி ஆழத்தில் செங்கல் கட்டிய கப்ரு ஒன்று வெளிப்பட்டது. அடையாளக் கல்லிலிருந்து ஏறத்தாழ 25 அடி தள்ளி. 129 ஆண்டுகள் மறைந்து கிடந்தது அதுதான். பின்னர் இந்திய அரசின் உதவியும் சேர, புதிய மண்டபம் கட்டப்பட்டு 1994 டிசம்பரில் திறக்கப்பட்டது.

கப்ரு எதுவென்று தெரியாதிருந்த காலத்திலேயே தலைவர்கள் வரத் தொடங்கிவிட்டனர். 1943 செப்டம்பர் 26ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய இராணுவத்தினருடன் அங்கே சென்று அணிவகுப்பு மரியாதை செலுத்தினார். 1944 ஜூலையில் மீண்டும் சென்றார். டில்லியை நோக்கிப் புறப்படும் படை, டில்லியிலிருந்து துரத்தப்பட்டவரின் கப்ரடியில் உறுதி பூண்டது. அப்படையில் மலாயாவிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளமாக இருந்தனர் என்பது நாமெல்லோரும் பெருமை கொள்ளத்தக்க செய்தி. ராஜீவ் காந்தி 1987இலும், மன்மோகன் சிங் 2012இலும், நரேந்திர மோடி 2017இலும் பிரதமர்களாக அங்கே சென்றனர். பாகிஸ்தானின் முஷர்ரஃப் 2001இல் சென்றார். பிரிந்துபோன நாடுகளின் தலைவர்களும் ஒரே கப்ரின் முன்னே வந்து நிற்கிறார்கள். 2006 மார்ச் மாதம் நம் ராமேசுவரத்துப் பெருமகனார் அப்துல் கலாம் குடியரசுத் தலைவராகச் சென்று மலர்ப்போர்வை போர்த்தியது நமக்கு இன்னும் நெருக்கமானது.

இடையே ஒரு செய்தி. பர்மாவின் கடைசி மன்னர் தீபோவை 1885ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் நாடு கடத்திக் கொண்டு வந்தது நம் சென்னைக்கு. சில மாதங்கள் கழித்து மராட்டியக் கடற்கரையிலுள்ள ரத்தினகிரிக்கு மாற்றினர். 1916இல் அங்கேயே இறந்தார், அங்கேயே அவர் கல்லறை. இந்திய மன்னர் பர்மாவில், பர்மிய மன்னர் இந்தியாவில். 2012ஆம் ஆண்டில் மன்மோகன் சிங் ரங்கூன் சென்ற அதே ஆண்டின் இறுதியில் மியன்மார் அதிபர் தெய்ன் செய்ன் ரத்தினகிரிக்கு வந்தார்.

நாமும் 2018ஆம் ஆண்டில் யாங்கோன் சென்றிருந்தபோது அங்கே ஜியாரத் செய்யும் வாய்ப்பை அல்லாஹ் நல்கினான். ஷ்வேடகானிலிருந்து தொலைவில்லாத அமைதியான தெரு. மேல் தளத்தில் பட்டுப் போர்த்திய கப்ருகள் உள்ளன. மன்னர், பேகம் ஜீனத் மஹல், பேத்தி ரவ்னக் ஜமானி ஆகியோர் பெயரால் அமைந்தவை. உண்மையான கப்ரு நிலவறையில் தனியாக இருக்கிறது. படியிறங்கிச் செல்ல வேண்டும். மேலே ஸலாம் சொல்லிவிட்டு, அதுவே கப்ரு என எண்ணித் திரும்பிவிடுவோர் உண்டு. செல்வோர் விசாரித்துக் கீழேயும் செல்க. சுவரில் விசாரணைக் காலத்து நிழற்படம் ஒன்றின் பிரதி தொங்குகிறது. கட்டிலில் சாய்ந்து, ஹுக்கா அருகிருக்க, எதையும் பார்க்காத கண்களோடு இருக்கும் முதியவர். முகலாயச் சக்கரவர்த்திகளுள் நிழற்படம் எடுக்கப்பட்டவர் அவர் ஒருவரே.

அங்குள்ள மக்கள் அவரை ஒரு வலியுல்லாஹ்வாகவே கருதி உரூஸ் நடத்துகின்றனர், தேவைகளைச் சொல்லி முறையிடுவோரையும் கண்டோம். இது குறித்து நம் ஜமாஅத்தில் கருத்து வேறுபாடுகள் இருப்பதை அறிவோம். வாதம் செய்ய இது இடமன்று. ஜியாரத் என்பது சுன்னத்தான அமல் என்பதிலும், அது மவ்த்தை நினைவூட்டுவதற்காகவும் மரித்தவருக்காக துஆச் செய்வதற்காகவும் ஏற்பட்டது என்பதிலும் வேறுபாடு இல்லை. இந்தக் கப்ரைப் பொறுத்தவரை அது மிகவும் பொருந்துகிறது. அவரிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? தம் புதல்வர்களைக் காக்க இயலாதவர், எழுதும் காகிதம்கூட மறுக்கப்பட்டவர் அவர். நம்மிடமிருந்து அவருக்குச் சேர வேண்டியதுதான் மிகுதி. கூட்டமில்லாத ஜனாஸாவாகச் சென்றவருக்கு, எத்தனை ஆண்டுகள் கழித்தாயினும், ஒரு முஸ்லிம் நின்று ஓதும் ஃபாத்திஹாவும் ஸலாமும் கடனாகவே நிற்கின்றன. நாம் யாஸீன் ஓதி, மன்னருக்கும், அவருடைய பிழைகள் பொறுக்கப்படவும், அன்று டில்லியில் மாண்ட அனைத்து முஸ்லிம்களுக்கும் துஆச் செய்தோம். உடன் வந்த யாங்கோன் தமிழ் அன்பர் ஒருவர், சிறு வயதில் தம் பாட்டனார் வெள்ளிதோறும் தம்மை அங்கே அழைத்து வந்ததாகக் கூறினார். 2021ஆம் ஆண்டு இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின் அந்நாட்டுப் பயணம் முன்போல் எளிதாக இல்லை. செல்ல எண்ணுவோர் நிலைமையை நன்கு விசாரித்தறிந்து செல்வதே தக்கது.

ரங்கூன் செல்ல இயலாதோர் டில்லி சென்றால், தலைநகரின் பெரிய இடங்களைப் பார்த்து முடித்தபின் மெஹ்ரௌலிக்கும் செல்லுங்கள். குத்புத்தீன் பக்தியார் காக்கி (ரஹ்) அவர்களின் தர்காவை அடுத்து, சலவைக்கல்லாலான சிறிய மோதி மஸ்ஜிதின் அருகே, ஒரு சிறு அடைப்புக்குள் முகலாய மன்னர்களின் கப்ருகள் உள்ளன. இரண்டாம் ஷா ஆலம் ஒருபுறம், இரண்டாம் அக்பர் ஷா ஒருபுறம். நடுவே மன்னர் தமக்கென ஒதுக்கிய இடம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.